‘அசாத்தியம்’ என்றொரு சொல்

“டாக்டர் ‘இன்கியூரபிள்’ என்கிறார். இதை அம்மாவிடம் தமிழில் எப்படிச் சொல்வது?”

நம் சங்கத்து அன்பர்கள் பலர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இங்குள்ள மருத்துவமனைகளில் தமிழும் தெலுங்கும் பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சில ஆண்டுகள் உதவி வந்தவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். நான் மருத்துவன் அல்லன். நோயைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நோயைக் குறிக்கும் சொற்களை நெருங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் மாறிப்போனால் ஒரு குடும்பம் எவ்வளவு கலங்கிப்போகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே தீராத நோயைக் குறிக்க நம்மிடம் என்னென்ன சொற்கள் இருக்கின்றன, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

எல்லையோரத்துச் சொற்கள்

என் சொந்த ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஊர். 1911ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகும் வரை அந்தப் பகுதி வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்தது. ஆகவே வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு மொழிகள் கலக்கும் இடத்தில் நோயின் பெயர்கள் படும் பாடு வேடிக்கையாக இருக்கும்.

தெலுங்கில் எளிதில் விடாத நோயை ‘மொண்டி’ வியாதி என்பார்கள். மொண்டி என்றால் அங்கே பிடிவாதம். தமிழில் மொண்டி என்றால் நொண்டி. “அவருக்கு மொண்டி வியாதி” என்று தெலுங்குக்காரர் சொன்னால், தமிழ்க்காரர் நோயாளியின் காலைப் பார்ப்பார். அதேபோல் தெலுங்கில் நோய் ‘நயம்’ ஆயிற்று என்றால் குணமாயிற்று என்று பொருள். நமக்கு நயம் என்பது நயம் சரக்கு, நயம் நெய்.

ஈழத்திலிருந்து வந்த நம் அன்பர்கள் நோயை ‘வருத்தம்’ என்பார்கள். நோய் குணமானால் “வருத்தம் மாறிட்டுது” என்பார்கள். ஆகவே தீராத நோய் அவர்களுக்கு ‘மாறாத வருத்தம்’. இதை முதன்முதல் கேட்கும் தமிழகத்துக்காரர், யாரோ யாரிடமோ மனம் நொந்துபோய் இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

இந்தச் சொற்களுக்கெல்லாம் பெரிய அண்ணன் ‘அசாத்தியம்’. வடமொழியிலிருந்து வந்து தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான சொல். சாதிக்கக்கூடியது சாத்தியம், கூடாதது அசாத்தியம். பழைய வைத்திய நூல்களில் அசாத்திய ரோகம் என்றால் தீர்க்க முடியாத நோய். எங்கள் ஊர்ப் பெரியவர்களும் நாட்டு வைத்தியர்களும் இந்தப் பொருளில்தான் இதைச் சொல்வார்கள். ஆனால் இன்று தமிழில் யாராவது ‘அசாத்தியம்’ என்றால் நமக்கு நோய் நினைவுக்கு வருவதில்லை. அசாத்தியத் துணிச்சல், அசாத்தியத் திறமை என்று புகழ்ச்சியாகிவிட்டது. தெலுங்கிலும் அப்படித்தான். ‘அசாத்யுடு’ என்றால் யாராலும் மடக்க முடியாத கெட்டிக்காரன். 1968இல் நடிகர் கிருஷ்ணா நடித்து இதே பெயரில் ஒரு தெலுங்குப் படமும் வந்தது. ஒருவராலும் வெல்ல முடியாத நோய்க்கு வைத்த பெயர், ஒருவராலும் வெல்ல முடியாத மனிதனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நடுவில் இருந்த சொல்

சொல் பொருள் மாறுவது மொழிக்கு இயல்பு. அதில் வருந்த ஒன்றுமில்லை. வருந்த வேண்டியது வேறொன்று. பழைய ஆயுர்வேத நூல்கள் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று இரண்டாக வெட்டிப்போட்டுவிட்டு நிற்கவில்லை. சாத்தியத்திலேயே எளிதில் தீர்வது, பாடுபட்டுத் தீர்ப்பது என இரண்டு வகை. அசாத்தியத்திலும் இரண்டு வகை. ஒன்று, சிகிச்சைக்கு இடமே கொடாதது. மற்றொன்று, முற்றிலும் தீராது, ஆனால் மருந்தும் பத்தியமும் தொடரும் வரை ஆளை வீழ்த்தாது. இந்த இரண்டாவது வகைக்கு ‘யாப்பியம்’ என்று பெயர். சாயப்போகும் வீட்டை நன்றாக ஊன்றிய முட்டுக்கால் தாங்குவது போல, தக்க சிகிச்சை அந்த நோயாளியைத் தாங்கி நிற்கும் என்று சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் உவமை சொல்கிறது.

நம் கிராமங்களில் சுவருக்கு முட்டுக்கொடுத்து வைத்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சுவர் புதுச்சுவர் ஆகிவிடவில்லை. ஆனால் உள்ளே அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், கல்யாணம்கூட நடக்கிறது. முட்டை உருவினால்தான் ஆபத்து.

சாத்தியமும் அசாத்தியமும் நம் பேச்சில் தங்கிவிட்டன. யாப்பியம் மறைந்துவிட்டது. இரண்டு கரைகளையும் வைத்துக்கொண்டு பாலத்தைத் தொலைத்த கதைதான். அதனால்தான் இன்று ‘தீரும்’ என்று சொல்லாத எந்த நோயும் நம் காதில் ‘போயே போயிற்று’ என்று விழுகிறது.

தமிழ்ச் சொற்களையே பார்ப்போம். ‘தீர்’ என்ற வினைக்கு முடிதல், இல்லாமற்போதல் என்று பொருள். கடன் தீர்ந்தது, அரிசி தீர்ந்தது, நோய் தீர்ந்தது எல்லாம் ஒன்றே. ‘தீராத நோய்’ என்றால் முடிவடையாத நோய் என்பதே நேர்ப்பொருள். அதற்கு வைத்தியம் கிடையாது என்பது அந்தச் சொல்லில் இல்லை, நாம் ஏற்றிக்கொண்டது.

‘பிணி’ என்பது கட்டு. பிணித்தல் என்றால் கட்டுதல். மனிதனைக் கட்டிப்போடுவதால் நோய்க்குப் பிணி என்று பெயர்.

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பிறகு வழி காண வேண்டும் என்று சொல்லும் 948ஆம் குறளில், வள்ளுவர் நோயைத் ‘தணிக்கும்’ வழி என்கிறார். தணித்தல் என்றால் குறைத்தல், ஆற்றுதல். வேட்கை தணிகிறது, வெப்பம் தணிகிறது என்கிறோம் அல்லவா, அதே சொல். இரண்டு குறள் தள்ளி 950இல் மருத்துவனைத் ‘தீர்ப்பான்’ என்கிறார். நோயைத் தீர்ப்பதும் மருத்துவம், தணிப்பதும் மருத்துவம் என்பதற்கு நம் மொழியில் இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. அதே 950ஆம் குறள் மருத்துவம் என்பதை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக உடனிருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்க்கிறது. அந்த நான்காமவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்.

பெயர் மாறிய நோய்கள்

எந்த நோய் தீராதது என்ற பட்டியலும் நிலையானது அன்று. எங்கள் பக்கத்து உதாரணமே போதும். சிறு வயதில் ஒருவர் “கரிகிரிக்குப் போய்வருகிறார்” என்றால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இருக்கிறது. தொழுநோய்க்கு அன்று ஊரில் வழங்கிய பெயர் பெருவியாதி. அதாவது நோய்களில் பெரியது, தீராதது. 1940களிலேயே சல்போன் மருந்துகள் அதற்குப் பயன்படத் தொடங்கிவிட்டன. வேலூரில் டாக்டர் பால் பிராண்டு, மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தார். விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி மரத்துப்போனதால் காயமும் சூடும் தெரியாமல்தான் அழிகின்றன என்பதை விளக்கிக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ மருந்து சாப்பிட்டால் தொழுநோய் குணமாகிறது. இந்தியாவில் இன்னமும் புதிய நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ‘தீராதது’ என்ற அடைமொழிக்கு இனி இடமில்லை.

காசநோயும் அப்படியே. சயரோகம், எலும்புருக்கி என்று பெயர் சொல்லவே அஞ்சினார்கள். அப்போதைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் இதற்கென்றே பெரிய சானடோரியம் நடந்தது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே அன்று பெரிய வைத்தியம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு இந்நிலையை மாற்றிற்று. சானடோரியத்தில் தங்கி மருந்து சாப்பிட்டவர்களையும், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை. அதன் பிறகு உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி பிறந்தது.

எய்ட்ஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1986இல் சென்னையில்தான் முதன்முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. சுவர்களிலெல்லாம் ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று எழுதினார்கள். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்து இலவசமாகத் தரப்படத் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது தாம்பரம் சானடோரியம். 1928இல் காசநோய்க்காகத் தொடங்கிய அதே இடம். இன்றும் அந்தக் கிருமியை உடம்பிலிருந்து அடியோடு அகற்றும் மருந்து பொதுவழக்கில் இல்லை. ஆனால் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் வேலைக்குப் போகிறார், குழந்தை பெறுகிறார், முதுமை காண்கிறார். பழைய வைத்தியர் பார்த்தால் ‘யாப்பியம்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடியால் வரும் நீர்வெறுப்பு நோய், அறிகுறிகள் தோன்றிய பின் அனேகமாக இன்றும் மரணத்தில்தான் முடிகிறது. ஆனால் கடிபட்ட உடனே புண்ணைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். ‘மருந்தில்லாத நோய்’ என்ற சொல் இங்கேகூட முழு உண்மை அன்று. விடுமுறைக்கு ஊருக்குக் குழந்தைகளை அழைத்துப் போகும் பெற்றோர் இதை மனத்தில் கொள்க.

‘மருந்தே இல்லையாம் பாட்டி!’

நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. டாக்டருக்கும் தாத்தா பாட்டிக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். நான் அறிந்த ஒரு வீட்டில், ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட பாட்டிக்கு இதயம் பலவீனம். டாக்டர் சொன்னது, “இதை முழுக்கக் குணப்படுத்த முடியாது, இந்த மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் மூச்சிரைப்பும் கால்வீக்கமும் குறையும், நன்றாக நடமாடலாம்” என்பதுதான். பதினான்கு வயதுப் பேத்தி முதல் பாதியைப் பாட்டியிடம் சொன்னாள்: “இதுக்கு மருந்தே இல்லையாம் பாட்டி. ஆனா மாத்திரை சாப்பிடணுமாம்.”

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இடமில்லை. ‘கியூர்’ என்பதற்கும் ‘மெடிசின்’ என்பதற்கும் நாம் மருந்து என்ற ஒரே சொல்லைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். பாட்டி மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். மூன்று வாரத்தில் கால் வீங்கி, படுக்க முடியாமல் மருத்துவமனைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. “மருந்து இல்லைன்னு ஆன பிறகு மாத்திரை எதுக்கு? எம் மவன் காசைக் கரைக்கிறதுக்கா?” என்று கேட்டார்.

“அடியோட போகாது பாட்டி. மாத்திரை சாப்பிடுற வரைக்கும் கட்டுல இருக்கும்” என்றேன்.

“சக்கரை வியாதி மாதிரியா?”

“ஆமாம், அது மாதிரிதான்.”

“அதை மொதல்லயே அப்படிச் சொல்றதுக்கென்ன?” என்று மகனைப் பார்த்தார். அதன் பிறகு நான்கு பொங்கல் விழாக்களுக்கு அவர் நம் சங்கத்துக்கு வந்தார். கோலப் போட்டியில் நடுவராகவும் இருந்தார்.

அந்தப் பாட்டிதான் எனக்குச் சொல்லைக் காட்டிக்கொடுத்தார். யாப்பியம் என்று வடமொழியை மீட்டுக்கொண்டுவர வேண்டியதில்லை. “சுகர் கட்டுல இருக்கா?”, “பிரஷர் கட்டுக்குள்ள வந்துச்சா?” என்று நம் வீடுகளில் தினமும் கேட்கிறோம். பிணி நம்மைக் கட்டுகிறது. மருந்தால் அதை நாம் கட்டுகிறோம். தீராது, ஆனால் கட்டுப்படும் என்பதற்கு நம் பேச்சிலேயே சொல் இருக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மட்டும் அதை ஒதுக்கிவைத்திருக்கிறோம். இதயத்துக்கும், சிறுநீரகத்துக்கும், மூட்டுவாதத்துக்கும், சில வகைப் புற்றுநோய்க்கும்கூட அது பொருந்தும்.

மூன்று வாக்கியங்கள்

டாக்டர் ‘இன்கியூரபிள்’ என்றால் அது கீழ்க்காணும் மூன்றில் எது என்று தெரிந்துகொண்டு, பிறகு மொழிபெயர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, “அடியோடு போகாது, கட்டுக்குள் வைக்கலாம்.” இதில் மருந்தை நிறுத்தக் கூடாது என்பதே முக்கியச் செய்தி.

இரண்டாவது, “நோய் வளர்வதை இனி நிறுத்த முடியாது, வலியையும் வேதனையையும் தணிக்கலாம்.” இதைத்தான் இன்று நோய்த்தணிப்புச் சிகிச்சை என்கிறார்கள். வள்ளுவரின் சொல்லே திரும்பி வந்திருக்கிறது. 1967இல் லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லம் இத்துறைக்கு வழிகாட்டியாயிற்று. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு மருத்துவமனையிலிருந்து வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பணி மாநிலமெங்கும் பரவியது. கடும் வலிக்கு மார்பின் நல்ல மருந்து. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைப்பது அரிதாயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டுச் சற்று எளிதாக்கப்பட்டது. மார்பின் கொடுத்தால் கடைசி என்று பொருள் என எண்ணி, வலியோடு கிடக்கும் பெரியவர்களுக்கு அதை மறுக்கும் வீடுகள் உண்டு. அது தவறான எண்ணம். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலியைப் போக்கி உறங்க வைக்கும், சாப்பிட வைக்கும், பேரப்பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேச வைக்கும்.

மூன்றாவது, “இந்த ஆபரேஷனால், அல்லது இந்த ஊசியால், இனிப் பயனில்லை.” இது ஒரு குறிப்பிட்ட சிகிச்சையைப் பற்றிய தீர்ப்பு. ஆளைப் பற்றிய தீர்ப்பு அன்று. “வைத்தியம் இல்லை” என்று இதைப் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த வைத்தியம் இல்லை, எந்த வைத்தியம் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்வதே முறை.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கு உண்டு. “வேலூர்லயே கைவிரிச்சுட்டாங்க” என்பார்கள். குடிபாலாக்காரனுக்கு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிதான் மேல்கோர்ட்டு. வேறு ஊர்க்காரர்களுக்கு அது மதுரையாக, சென்னையாக, யாழ்ப்பாணமாக இருக்கலாம். இந்த ஒரு வாக்கியம் நடுராத்திரியில் தொலைபேசியில் வரும். விமான டிக்கெட் எடுப்பதா, பணம் அனுப்புவதா, அங்கிருந்து வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்வதா என்று தெரியாமல் தவிப்போம்.

அப்போது அழைத்தவரிடம் நான்கு கேள்விகளை நிதானமாகக் கேளுங்கள். டாக்டர் சொன்னது என்ன, அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் எவை? எந்தெந்த மாத்திரையைத் தொடரச் சொன்னார், எதை நிறுத்தச் சொன்னார்? வலி, மூச்சிரைப்பு, தூக்கமின்மை இவற்றுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள்? மறுபடி எப்போது வரச் சொன்னார்? ‘கைவிரித்துவிட்டார்கள்’ என்று சொல்லப்பட்ட நோயாளிகள் பலருக்கும் மறுபரிசோதனைத் தேதி ஒன்று சீட்டில் எழுதப்பட்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன். முடிந்தால் அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இங்கே உங்களுக்குத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரிய பேச்சுக்குப் பிள்ளைகளை நடுவில் நிறுத்தாதீர்கள். இங்குள்ள பல மருத்துவமனைகளில் முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தருவார்கள். இல்லாவிட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். தமிழும் ஆங்கிலமும் நன்கறிந்து, மருத்துவமனைக்கு உடன்வரச் சம்மதிக்கும் அன்பர்கள் தங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்தால், ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். ஈழத்தமிழ்ப் பெரியவர்களுக்கு ‘வருத்தம்’ என்றால் என்னவென்று தெரிந்தவர் ஒருவராவது அதில் இருப்பது நல்லது.